கல்லுக்கு அடியில் பார்த்தீர்களா?

சென்ற ஆண்டு தீபாவளிக்குப் பிறகு மூன்று மாதங்கள், புருவப் பென்சில் இல்லாமல் நான் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. வானொலி அறிவிப்பாளருக்கு முகம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நேயர்களுக்கு முகம் தெரியாதுதான். கூட வேலை செய்பவர்களுக்குத் தெரியுமே! "என்ன, ஒரு பக்கம் புருவத்தைக் காணோம்?" என்று காலை நிகழ்ச்சிக்கு முன் ஒருவர் கேட்டார். "தோசை சுட்டேன்" என்றேன். ஸ்டூடியோவே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானில் எங்கள் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. இருபது பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அம்மாவைச் சமையலறையில் வேகவைக்கக்கூடாது என்று, வெளியில் வைத்துச் சமைக்கும் கேஸ் அடுப்பு ஒன்றை வாங்கியிருந்தேன். கடையில் அதற்கு 'கிரிடில்' என்று பெயர். இரண்டு பர்னர், அவற்றை முழுவதுமாக மூடியபடி ஒரு பெரிய தட்டையான இரும்புத் தகடு. அம்மாவுக்கு அது 'பெரிய கல்லு'. ஒரே நேரத்தில் இரண்டு பெரிய தோசை ஊற்றலாம். ஓரத்தில் முட்டையும் பொரிக்கலாம்.

மாலை ஐந்து மணி. வீட்டு முன்புறம் அடுப்பு. பக்கத்தில் ஸ்பீக்கரில் பாட்டு, சத்தமாக. தூறல் ஆரம்பித்தது, காற்றும் வந்தது. அடுத்த பாத்திர மாவு வருவதற்காகத் தீயை மிகவும் குறைத்து வைத்திருந்தேன். மாவு வந்ததும் ஊற்றினேன். தோசை வெளிறிப்போய்க் கிடந்தது. தீ போதவில்லை போலும் என்று இரண்டு குமிழ்களையும் முழுவதுமாகத் திறந்தேன். அப்போதும் நிறம் மாறவில்லை. அதற்குப் பிறகுதான், தீ அணைந்திருக்குமோ என்ற நினைப்பே வந்தது. குனிந்தபடி பற்றவைக்கும் பொத்தானை அழுத்தினேன்.

'பொம்' என்று ஒரு சத்தம். தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி வழியாகத் தீ வெளியே வந்து என் முகத்தைத் தொட்டுவிட்டுப் போனது. அவ்வளவுதான். ஒரு நொடிகூட இருக்காது. புருவம், முன்நெற்றி முடி கொஞ்சம், கன்னத்தில் இலேசான எரிச்சல்.

அக்காவின் மகனுக்கு ஆறு வயது. அதற்கு ஒரு நிமிடம் முன்புவரை அந்த இடைவெளிக்கு நேராக, சரியாகத் தன் முகம் வரும் உயரத்தில் நின்று, "சித்தி, எனக்கு முட்டை தோசை" என்று கேட்டுக்கொண்டிருந்தான். கை கழுவ அம்மா உள்ளே கூப்பிட்டதால் போயிருந்தான். அன்று இரவு எல்லாரும் போன பிறகு அம்மா ஒன்றே ஒன்று சொன்னார்: "அவன் நின்ன எடத்தப் பாத்தியா?"

கண்ணுக்குத் தெரியாத தீ

சமையலறை அடுப்பில் தோசைக்கல்லை வைத்தால், அதைச் சுற்றி நீலத் தீ தெரியும். அணைந்தால் உடனே தெரியும். இந்தப் பெரிய கல்லில் அப்படியில்லை. தகடு பர்னரை முழுவதும் மூடிவிடுகிறது. தீ அணைந்த பிறகும் கனமான இரும்பு பல நிமிடங்களுக்குச் சூடாகவே இருக்கும். மேலே நின்று பார்ப்பவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. அடியில் கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

நம் வீட்டுத் தோம்பில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவ எரிவாயு. ஒரு லிட்டர் திரவம் வாயுவாக மாறும்போது ஏறக்குறைய 250 லிட்டராகப் பெருகும். அது காற்றைவிடக் கனமானது. மேலே பறந்து போகாது. தாழ்ந்த இடத்தில், மூலையில், கால்வாயில் இறங்கித் தங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு கலந்தாலே பற்றிக்கொள்ளும். அன்று என் கல்லுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டி போன்ற இடத்தில் அப்படித்தான் கேஸ் நிறைந்திருந்தது. நான் கொடுத்தது ஒரு பொறி.

வானொலியில் இரண்டு நொடி சத்தம் நின்றாலும் எங்களுக்கு உடம்பு சிலிர்த்துவிடும். அந்தக் காது பழகிய காது. எரிகிற பர்னரும் 'உஸ்ஸ்' என்று மெல்ல ஓர் ஒலி எழுப்பிக்கொண்டேதான் இருக்கும். அது நின்றதை என்னால் கேட்டிருக்க முடியும், பாட்டை அவ்வளவு சத்தமாக வைக்காமல் இருந்திருந்தால்.

ரொட்டி அண்ணனின் பாடம்

எங்கள் தாமான் முனையில் ரொட்டி சானாய் போடும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லுக்கு முன்னால் நிற்பவர். அடுத்த வாரம் பசியாறப் போனபோது என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "தங்கச்சி, சனிக்கெழம லீவுதானே? காலையில அஞ்சரைக்கு வா. கடை தொறக்குறதுக்கு முன்னாடி வா" என்றார்.

போனேன். அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

கடைக்குள் நுழைந்ததும் விளக்கைப் போடவில்லை. ஒரு நிமிடம் சும்மா நின்றார். மூக்கால் பார்க்கிறார் என்று பிறகுதான் புரிந்தது. அடுத்து, கல்லுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, டார்ச் அடித்து அடிப்பகுதியைப் பார்த்தார். ரப்பர் குழாயை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விரலால் தடவினார். இதெல்லாம் முடிந்த பிறகுதான் ரெகுலேட்டரைத் திறந்தார். லைட்டரை முதலில் எரியவிட்டு, அதைப் பர்னரின் அருகில் கொண்டுபோன பிறகே குமிழைத் திருப்பினார். "நெருப்பு முன்னாடி, கேஸ் பின்னாடி. மாத்திப் பண்ணினா புருவம் போயிடும்" என்றார். அப்போதுதான் கொஞ்சம் சிரித்தார்.

தீ நீலமாகச் சீராக எரிகிறதா என்று மறுபடியும் குனிந்து பார்த்தார். எழுந்தார். பிறகு தேநீர் கலக்கப் போய்விட்டார். பத்து நிமிடத்துக்கு மேல் கல்லை அப்படியே விட்டார். ரொட்டி மாவை அதற்குப் பிறகுதான் தொட்டார்.

"கல்லு மேல என்ன இருக்குன்னு எல்லாரும் பாக்குறாங்க. அடியில என்ன இருக்குன்னு நீதான் பாக்கணும். மழ பேஞ்சா பாரு, காத்து அடிச்சா பாரு, தீயக் கொறச்சாலும் பாரு."

அன்று தெரிந்துகொண்டதை வீட்டில் செய்து பார்த்தேன். அடுப்போடு வந்த கையேட்டையும் முதல் முறையாக முழுவதுமாகப் படித்தேன். அதைப் படிக்காமல்தான் இருபது பேருக்குச் சமைக்கக் கிளம்பினேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

தோம்பு, ரெகுலேட்டர், குழாய்

தோம்பு எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும். படுக்க வைத்தாலோ சாய்த்தாலோ வாயுவுக்குப் பதிலாகத் திரவமே குழாய்க்குள் வரலாம். தீ கட்டுக்கடங்காமல் எழும். 'இடம் அடைக்கிறதே' என்று அடுப்புக்கு நேர் அடியில் தோம்பைத் தள்ளிவைப்பதும் தவறு. குழாய் இழுபடாமலும் சூடான சட்டத்தைத் தொடாமலும் இருக்கும் அளவுக்குப் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள்.

ரெகுலேட்டரில் குறைந்த அழுத்த வகையும் உயர் அழுத்த வகையும் உண்டு. கடைகளில் பெரிய குவாலிக்கு வைப்பது உயர் அழுத்தம். 'தீ நன்றாக வரும்' என்று அதை வாங்கி வீட்டுக் கிரிடிலில் மாட்டாதீர்கள். கையேட்டில் எந்த வகை சொல்லப்பட்டிருக்கிறதோ அதுதான். வெளிநாட்டு அடுப்பை இணையத்தில் வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதன் இணைப்பு நம் ஊர் ரெகுலேட்டருக்குப் பொருந்தாமல் போகலாம். இடையில் ஏதாவது துண்டைச் செருகி, டேப் சுற்றிச் சமாளிக்கும் வேலையே வேண்டாம். கேஸ் கடைக்காரரிடம் காட்டிச் சரியான இணைப்பை வாங்குங்கள்.

குழாயின் இரண்டு முனையிலும் கிளிப் இறுக்கமாக இருக்க வேண்டும். வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரிகிறதா, பிசுபிசுக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். ரொட்டி அண்ணன் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவாராம். ஒரு குழாயின் விலை நம் குடும்பம் ஒருமுறை வெளியில் சாப்பிடும் செலவுகூட வராது.

ஒவ்வொரு முறை தோம்பு மாற்றும்போதும் சோப்பு நீர்ச் சோதனை செய்யுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலக்குங்கள். பர்னர் குமிழ்களை மூடிவிட்டு, ரெகுலேட்டரை மட்டும் திறந்து, இணைப்புகளின் மேல் பஞ்சால் தடவுங்கள். குமிழி குமிழியாகப் பொங்கினால் கசிவு இருக்கிறது. மூடிவிட்டு இணைப்பைச் சரிசெய்த பிறகே மறுபடி தொட வேண்டும். தீக்குச்சியைக் கொளுத்திக் கசிவைத் தேடும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பிழைத்தது அதிர்ஷ்டம். வழிமுறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எரிவாயுவுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அழுகிய முட்டைக்கோஸ் போன்ற அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். அது மூக்கில் பட்டால் ரெகுலேட்டரை மூடுங்கள். எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். பிள்ளைகளைத் தள்ளி அழைத்துப் போங்கள். நாற்றம் அடங்கவில்லை என்றால் தொலைவில் போய் நின்று 999க்கு அழையுங்கள்.

எங்கே வைப்பது?

பெயரிலேயே பதில் இருக்கிறது: வெளியில். சமையலறையில் வேண்டாம், கதவு திறந்திருக்கும் ஹாலில் வேண்டாம், அடுக்குமாடி வீட்டின் பால்கனியிலும் வேண்டாம். தீப்பிடிக்கும் அபாயம் மட்டும் காரணமில்லை. காற்று போதாத இடத்தில் எரியும் கேஸ், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். மழை வந்துவிட்டதே என்று எரிகிற அடுப்பை உள்ளே இழுப்பது இரண்டு ஆபத்தையும் ஒன்றாக வீட்டுக்குள் கொண்டுவருவது.

நம் தாமான் வீடுகளில் முன்புறம் கார் நிற்கும். அன்று என் அடுப்பு காருக்கு இரண்டடி தள்ளி இருந்தது. இன்று காரைத் தெருவில் நிறுத்திவிட்டுத்தான் அடுப்பை எடுக்கிறேன். காலணி அலமாரி, காயப்போட்ட துணி, திரைச்சீலை, தாழ்வான பிளாஸ்டிக் கூரை எதுவும் அருகில் இருக்கக்கூடாது. தரை சமமாக இருக்க வேண்டும். கால்வாய் மூடியின் மேல் தோம்பை வைக்காதீர்கள். கசிந்த கேஸ் அதற்குள்தான் இறங்கும்.

காற்று பக்கவாட்டில் அடித்தால் அடுப்பைத் திருப்பி, திறந்த பக்கத்தைக் காற்றுக்கு எதிர்ப்புறமாக வையுங்கள். சுற்றிலும் தகரம் கட்டி அடைத்தால் சூடு தேங்கும். தீக்குக் காற்றும் கிடைக்காது. மழை வலுத்தால் அடுப்பை அணைத்துவிடுங்கள். பத்துப் பேர் பத்து நிமிடம் காத்திருப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது.

பிள்ளைகளுக்கு ஒரு கோடு போடுங்கள். எங்கள் வீட்டில் சுண்ணக்கட்டியால் உண்மையாகவே தரையில் கோடு போட்டிருக்கிறோம். அக்கா மகன் அதைத் தாண்டுவதில்லை. தாண்டும் பெரியவர்களைத்தான் கண்டிக்கிறான்.

இன்னொன்று. பலர் வீட்டில் ஸ்டீம்போட்டுக்கு வைத்திருக்கும், சிறிய பியூட்டேன் கேன் போடும் அடுப்பு இருக்கும். அதன் மேல் பெரிய தகட்டை வைத்துச் சுடாதீர்கள். தகடு கேன் இருக்கும் பகுதியையும் சேர்த்து மூடிவிட்டால், சூடு கீழே திரும்பிக் கேனைத் தாக்கும். கேன் வெடிக்கலாம். அந்த அடுப்பின் அளவுக்குள் அடங்கும் பாத்திரம் மட்டுமே அதற்கு.

தீ அணைந்துவிட்டால்

இதை மட்டும் தனியாக எழுதி அடுப்பின் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அணைந்தது தெரிந்தால் முதல் வேலை, எல்லாக் குமிழ்களையும் மூடுவது. அடுத்து ரெகுலேட்டர். மூடி இருந்தால் அதைத் திறந்து வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு பக்கவாட்டில் நின்று, முகத்தைத் தள்ளிவைத்து, புதிதாகப் பற்றவைக்கிற முறையிலேயே பற்றவைக்க வேண்டும். முதலில் பற்றவைக்கும்போதும் சில நொடிகளில் பிடிக்கவில்லை என்றால் இதே விதிதான். பொத்தானைத் தொடர்ந்து 'டிக் டிக்' என்று அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள்.

தீ அணைந்தால் கேஸைத் தானாகவே நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பு சில அடுப்புகளில் இருக்கிறது. புதிதாக வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். என்னுடையதில் அது இல்லை.

பல வாரம் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் பர்னர் குழாய்க்குள் சிலந்தி வலை கட்டியிருக்கும். குளவிகூட மண் வைத்திருக்கலாம். அப்போது கேஸ் சரியாக வராது, தீ மஞ்சளாக எரியும், சில நேரம் பின்பக்கமாகவும் எரியும். பற்றவைக்கும் முன் மெல்லிய தூரிகையால் சுத்தம் செய்யுங்கள்.

கல்லைப் பழக்குவது

பாதுகாப்பு சரி, தோசை எப்படி வரும் என்றுதானே கேட்கிறீர்கள்? புதுக் கல் ஒட்டும். நம் பாட்டிமார்கள் புது இரும்புக் கல்லைப் பழக்கிய அதே வேலைதான் இதற்கும்.

கடையிலிருந்து வந்த தகட்டில் துரு பிடிக்காமலிருக்க ஒரு பூச்சு இருக்கும். சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டு, அடுப்பில் வைத்து முழுவதும் காய விடுங்கள். நன்றாகச் சூடேறியதும் சூரியகாந்தி எண்ணெய் இரண்டு தேக்கரண்டி ஊற்றி, இடுக்கியில் பிடித்த பருத்தித் துணியால் ஓரம், மூலை என்று எல்லா இடத்திலும் மெல்லியதாகத் தடவுங்கள். புகை வந்து, புகை அடங்கும்வரை விடுங்கள். மறுபடியும் தடவுங்கள். நான்கைந்து முறை செய்தால் கல் கறுத்துப் பளபளக்கும். எண்ணெய் சூட்டில் இறுகி, இரும்போடு ஒட்டிய ஒரு படலமாக மாறுவதுதான் இது. அதிகமாக ஊற்றினால் சீக்கிரம் ஆகும் என்று நினைத்து நான் ஒருமுறை ஊற்றினேன். பிசினாகத் திட்டுத் திட்டாக நின்றது. சுரண்டி எடுத்து மறுபடி ஆரம்பித்தேன்.

முதல் இரண்டு முறை தோசை ஊற்றாதீர்கள். வெங்காயத்தை நிறைய நறுக்கி எண்ணெயில் வதக்குங்கள். கல்லும் பழகும், சாம்பாருக்கும் ஆகும்.

சூட்டை அறிவது

பெரிய கல்லின் சிறப்பே, ஒரே தகட்டில் இரண்டு மூன்று விதமான சூடு வைத்துக்கொள்ளலாம் என்பதுதான். ஒரு பர்னரை நடுத்தரத்திலும் மற்றதை மிகக் குறைவாகவும் வையுங்கள். ஒரு பக்கம் சுட்டு, மறு பக்கம் நகர்த்திச் சூடாக வைத்திருக்கலாம். எல்லாவற்றையும் முழுத் தீயில் வைப்பது தொடக்கநிலைத் தவறு. அடி கருகும், நடு வேகாது.

நடுத்தரத் தீயில் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். கனமான இரும்பு மெதுவாகத்தான் சூடாகும். அவசரப்பட்டு முழுத் தீ வைத்தால் நடுவில் மட்டும் கொதித்து, ஓரம் ஆறியிருக்கும். மெல்லிய தகடானால் வளைந்தும் போகும். சில துளி தண்ணீர் தெளியுங்கள். 'சுர்' என்று உடனே ஆவியானால் தோசைக்குச் சரியான பதம். துளிகள் முத்து முத்தாக உருண்டு ஓடினால் சூடு அதிகம்; அந்தச் சூட்டில் ஊற்றினால் மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வரும். தீயைக் குறைத்து, ஈரத் துணியாலோ பாதி வெங்காயத்தாலோ ஒருமுறை துடைத்துவிட்டு ஊற்றுங்கள். கொதிக்கும் கல்லில் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் ஊற்றக்கூடாது. கல்லும் கெடும், ஆவி கையைச் சுடும்.

கோழியைச் சுடுவதற்கு இன்னும் அதிகச் சூடு வேண்டும். மெல்லிய துண்டுகளாக வெட்டி, ஊறிய மசாலாவை வழித்துவிட்டு வையுங்கள். அடியில் நிறம் பிடித்தால் தானாகவே கல்லை விட்டு எழும். அதற்கு முன் சுரண்டாதீர்கள். நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் வரை வெந்திருக்க வேண்டும். பச்சைக் கோழியைத் தொட்ட கரண்டியும் தட்டும் வேறு, வெந்ததை எடுப்பது வேறு. சைவ விருந்தினர் இருந்தால் முதலில் தோசையும் காய்கறியும், இறைச்சி கடைசியில்.

இருபது பேருக்குக் கணக்கு இப்படி. ஒரு சுற்றில் இரண்டு தோசை, சுற்றுக்கு மூன்று நிமிடம் என்றால் 40 தோசைக்கு ஒரு மணி நேரம். அதனால் விருந்தினர் வந்த பிறகு தொடங்கினால் அவசரம் வரும். அவசரம் வந்தால் யாரும் குனிந்து அடியில் பார்ப்பதில்லை. பாதித் தோம்பு இருக்கிறதா என்பதையும் முன்னாலேயே பாருங்கள்: வெளிப்பக்கத்தில் வெந்நீரை ஊற்றித் தடவினால், திரவம் இருக்கும் உயரம்வரை சில்லென்றும் அதற்கு மேல் வெதுவெதுப்பாகவும் இருக்கும்.

எண்ணெய் பற்றிக்கொண்டால்

கல்லிலிருந்து வழியும் கொழுப்பு ஒரு தட்டில் சேரும். அதை ஒவ்வொரு முறையும் காலி செய்ய வேண்டும். சேர்ந்த எண்ணெய்தான் பெரும்பாலும் பற்றிக்கொள்கிறது. பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். எரியும் எண்ணெய் சிதறிப் பரவும். கைக்கு எட்டினால் கேஸை மூடுங்கள். மூடியைப் போட்டுக் காற்றைத் தடுங்கள், அல்லது சமையல் சோடாவை நிறையக் கொட்டுங்கள். உலர் தூள் தீயணைப்பான் ஒன்று கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். கட்டுப்படவில்லை என்றால் அடுப்பை விட்டுவிட்டு மனிதர்களைக் காப்பாற்றுங்கள், 999.

கை சுட்டால் ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசையும் வேண்டாம், சோயா சாஸும் வேண்டாம். முகத்தில் பட்டாலோ பெரிய கொப்புளம் வந்தாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வேலை முடிந்ததும் முதலில் ரெகுலேட்டரை மூடுங்கள். குழாயில் மிச்சமிருக்கும் கேஸ் எரிந்து தீ தானாக அடங்கிய பிறகு குமிழ்களை மூடுங்கள். கல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே சுரண்டி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் ஒரு மழை நாள் விட்டாலே துரு வந்துவிடும். முழுவதும் ஆறிய பிறகே உறை போட வேண்டும்.

மறுபடியும் ஒரு ஞாயிறு

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அம்மா பெரிய கல்லின் பக்கமே வரவில்லை. "வித்துடு" என்று இரண்டு முறை சொன்னார். நான் விற்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வெளியில் எடுத்துவைத்து, குனிந்து பார்த்து, சோப்பு நீர் தடவி, எனக்கு மட்டும் இரண்டு தோசை சுட்டுச் சாப்பிட்டேன். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் குந்தி உட்காரும் ஒவ்வொரு முறையும் அவர் பார்ப்பது எனக்குத் தெரியும்.

பொங்கல் கழிந்து இரண்டு வாரம் இருக்கும். மாவுப் பாத்திரத்தோடு வெளியே வந்தார். என் கையிலிருந்து கரண்டியை வாங்கினார். ஊற்றப் போனவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அடியில பாத்தியா?"

"பாத்தேம்மா."

"இன்னொரு தடவ பாரு."

குனிந்து பார்த்தேன். நீலமாக, சீராக, 'உஸ்ஸ்' என்று எரிந்துகொண்டிருந்தது. சொன்னேன். அம்மா முதல் தோசையை ஊற்றினார். சுண்ணக்கட்டிக் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "பாட்டி, எனக்கு முட்டை தோசை!"